எந்த ஸ்பெஷாலிட்டி யாருக்கு?

(பழைய மாணவர் சங்க மறுசந்திப்பு விழாவில், 1975ஆம் ஆண்டு பேட்ச் சார்பில் நிகழ்த்திய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "மலரும் நினைவுகள்". பதினைந்து நிமிஷம் என்றார். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும், அனாடமி ஹாலில் முதல் நாள் மயங்கி விழுந்தது யார் என்பது பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் விலாவாரியாகச் சொல்லிவிட்டார்கள். (விழுந்தது நான் இல்லை. மேடையில் உட்கார்ந்திருக்கிற ஒருவர். பெயர் சொல்ல மாட்டேன்.) ஆகவே நான் வேறொரு நினைவைச் சொல்கிறேன். அது மலர்கிற நினைவு இல்லை. கொஞ்சம் குத்துகிற நினைவு.

நான் கோவில்பட்டிப் பக்கத்து ஊர்க்காரி. அப்பா கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர். பி.யு.சி. முடித்து 1975இல் இந்தக் கல்லூரிக்குள் வந்தேன். எங்கள் பேட்ச்சில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இன்று வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். மனசு நிறைந்துபோனது. அப்படியே தியேட்டர் பிளாக் வரை நடந்து போய், ஆர்த்தோ தியேட்டர் வாசலில் ஒட்டியிருந்த டூட்டி லிஸ்ட்டைப் படித்தேன். ஒரு பெண் பெயர்கூட இல்லை. பிறகு ஓ.ஜி. பக்கம் போனேன். அங்கே ஒரு ஆண் பெயர் இல்லை. ஐம்பது வருஷத்தில் கல்லூரி வாசல் அகலமாகியிருக்கிறது. உள்ளே இருக்கிற கதவுகள் அப்படியே இருக்கின்றன.

நான் ஏன் சர்ஜரிக்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

படிப்பு முடித்து, சர்வீஸ் கமிஷன் மூலம் வேலைக்குத் தேர்வாகி, 1984இல் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்தேன். ஊர் பெயர் வேண்டாம். பஸ் நாளைக்கு மூன்று முறை வரும், மழைக்காலத்தில் ஒரு முறை. அங்கே ஒரு அம்மா தலைவலிக்கு மாத்திரை வாங்க மூன்று வாரம் தொடர்ந்து வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். நான்காவது தடவை வந்தபோது, வரிசையில் எல்லாரும் போகட்டும் என்று சுவரோரம் நின்றார். கடைசியில் உள்ளே வந்து, கதவைச் சாத்தச் சொல்லி, முந்தானையை விலக்கினார். எனக்கு அந்த வாசனைதான் முதலில் வந்தது. மாரில் கட்டி உடைந்து, புண்ணாகி, மஞ்சள் அரைத்துப் பற்றுப்போட்டு, துணி சுற்றி வைத்திருந்தார். இரண்டு வருஷமாக! வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

"ஏம்மா இத்தனை நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலை?" என்று கேட்டேன்.

"ஆம்பள டாக்டர்கிட்ட எப்படித் தாயி இதைக் காட்டுறது?"

சீட்டு எழுதி, பஸ்ஸுக்குக் காசும் கொடுத்து அனுப்பினேன். போகும்போது கேட்டார்: "அங்கன பொம்பள டாக்டர் இருப்பாகளா தாயி?" இருப்பாங்க என்று சொன்னேன். பொய். அந்த மாவட்ட ஆஸ்பத்திரியில் அன்றைக்கு ஒரு பெண் சர்ஜன்கூட இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மா போயிருக்கிறார். சர்ஜரி ஓ.பி. வாசல் வரை போயிருக்கிறார். டாக்டரைச் சுற்றி வட்டமாக நின்ற பையன்களைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டார். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

உள்ளே இருந்த சர்ஜன்கள் மீது தப்பு சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் நல்ல டாக்டர்கள். ஒரு ஓ.பி.யில் இருநூறு பேரைப் பார்த்தார்கள். ஆனால் அந்த அம்மா வரைக்கும் அவர்களுடைய திறமை போய்ச் சேரவில்லை. இன்றைக்கும் நம் நாட்டுப் பெண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். இன்றைக்கும் பலர் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். பயம், பணம், தூரம் என்று காரணங்கள் பல. அதில் இதுவும் ஒன்று.

பி.ஜி. சர்ஜரி எடுக்கப் போகிறேன் என்றபோது எல்லாரும் சிரித்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அரசாங்கம் எனக்குக் கொடுத்த பணி ஆணையிலேயே "அசிஸ்டென்ட் சர்ஜன்" என்றுதான் போட்டிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருமல் மருந்து கொடுக்கிற எல்லா டாக்டரும் அரசாங்கக் கணக்கில் அசிஸ்டென்ட் சர்ஜன்தான், உங்களுக்குத் தெரியும். அதில் அசிஸ்டென்ட்டை எடுத்துவிட்டு சர்ஜன் மட்டும் ஆகலாம் என்று ஒரு பொம்பளை சொன்னால்தான் சிரிப்பு.

1988இல் சர்வீஸ் கோட்டாவில் எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி இடம் கிடைத்தது. இந்தக் கல்லூரி இல்லை, வேறு இடம். முதல் நாள் சீஃப் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏம்மா, ஓ.ஜி. இருக்கே, அங்கேயும் வயித்தைத்தானே திறக்கிறாங்க?" என்றார். கிண்டல் இல்லை, அக்கறை. அதுதான் கஷ்டம். எதிரியாக இருந்தால் சண்டை போடலாம். அக்கறையோடு வழியை மறிக்கிறவரிடம் என்ன செய்வது? அதே மனிதர்தான் பின்னால் என் கையைப் பிடித்து குடல் தைக்கக் கற்றுக்கொடுத்தார். இன்றும் அவர் படத்துக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

தியேட்டரில் உடை மாற்ற இரண்டே அறைகள். ஒன்றில் "சர்ஜன்ஸ்" என்று போர்டு, இன்னொன்றில் "நர்சஸ்" என்று போர்டு. நான் எதில் போவது? தியேட்டர் சிஸ்டர் ஒருவர் துணி அடுக்கும் அறையில் இரண்டு அலமாரியை ஒதுக்கி, சுவரில் ஒரு ஆணி அடித்து, "டாக்டரம்மா, இது உங்க ரூம்" என்றார். மூன்று வருஷம் அந்த ஆணிதான் என் ரூம். இதில் பெரிய வருத்தமெல்லாம் இல்லை. ஆனால் ஒன்று எனக்குப் பிந்தித்தான் புரிந்தது. ஆபரேஷன் முடிந்ததும் எல்லாரும் சர்ஜன்ஸ் ரூமில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அங்கேதான் சீஃப் பேசுவார். "அந்த இடத்துல நான் ஏன் நிறுத்தினேன் தெரியுமா?" "போன வருஷம் இதே மாதிரி ஒரு கேஸ்ல தப்பு பண்ணிட்டேன்..." புத்தகத்தில் இல்லாத பாடமெல்லாம் அந்த டீக்கடைப் பேச்சில்தான். நாளைக்கு எந்தக் கேஸ் யாருக்கு என்று முடிவாவதும் அங்கேதான். நான் அப்போது துணி அறையில் தனியாகச் சேலை கட்டிக்கொண்டிருப்பேன். வெளியே வரும்போது டம்ளர்கள் காலியாகிவிட்டிருக்கும்.

டூட்டி ரூம் கதையும் அப்படித்தான். ஒரே அறை, ஒரே கட்டில், உள்தாழ்ப்பாள் கிடையாது. ஆண் பி.ஜி.க்கள் முறைவைத்துப் படுப்பார்கள். நான் லேபர் வார்டு டூட்டி ரூமில் போய் ஓ.ஜி. தோழிகளோடு ஒண்டிக்கொள்வேன். அது கட்டடத்துக்கு அந்தக் கோடியில். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெர்ஃபரேஷன் வந்தால் ஆள் அனுப்பி, நான் சேலையைச் செருகிக்கொண்டு ஓடி வருவதற்குள், பக்கத்து அறையில் படுத்திருந்தவர் ஸ்க்ரப் ஆகி நிற்பார். யாரும் எனக்குத் துரோகம் செய்யவில்லை. தூரம் செய்தது. வருஷக் கடைசியில் லாக் புக் பார்த்தால் அவர் செய்த கேஸ் என்னுடையதைப்போல இரண்டு மடங்கு. உடனே ஒரு பேச்சு கிளம்பும்: "லேடீஸுக்கு சர்ஜரியில இன்ட்ரஸ்ட் கம்மி சார்."

இரண்டாம் வருஷம் என் மகன் பிறந்தான். பரீட்சை ஆறு மாதம் தள்ளிப்போனது. இன்று தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாத மகப்பேறு விடுப்பு. நல்ல விஷயம். பி.ஜி. படிக்கும்போது விடுப்பு எடுத்தால் படிப்புக் காலம் நீளும், அது நியாயம்தான். கை பழக வேண்டுமே. ஆனால் யூனிட்டில் "இந்தப் பெண் வந்தால் நடுவில் காணாமல் போய்விடும்" என்று ஒரு முணுமுணுப்பு இருக்கிறதே, அதற்கு இன்னும் எந்த அரசாணையும் வரவில்லை.

இதெல்லாம் புதிது என்று நினைக்காதீர்கள். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அப்போது லண்டனிலேயே பெண்கள் மருத்துவம் படிக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் மேரி ஷார்லீப். புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி 1912இல் அங்கே பட்டம் பெற்றார். வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அங்கே ஆண்கள் 1947இல்தான் உள்ளே வந்தார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியால் 1954இல் வந்தது. அடுத்த வருஷம் அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, மகப்பேறு மருத்துவத்தில் பட்டம் வாங்கியவர். 2021இல் மறையும்வரை அவர் வாழ்க்கை முழுக்கப் புற்றுநோய்தான். நியூரோ சர்ஜரியில் டி.எஸ். கனகா 1968இலேயே எம்.சிஎச். வாங்கிவிட்டார். ஆசியாவின் முதல் பெண் நியூரோ சர்ஜன்களில் ஒருவர் நம் ஊர்க்காரர்! நான் சர்ஜரிக்குப் போனது அதற்கு இருபது வருஷம் கழித்து. அப்போதும் என்னை விநோதப் பிராணி மாதிரிதான் பார்த்தார்கள். ஒருவர் கதவைத் திறந்துகொண்டு போனால், அது அவர் பின்னாலேயே சாத்திக்கொள்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஆண்கள் கோபித்துக்கொள்வார்கள். நாம் எல்லாரும் மிட்வைஃபரிக்கு எந்தப் புத்தகம் படித்தோம்? முதலியார் மேனன். ஏ. லட்சுமணசாமி முதலியார், எம்.கே. கிருஷ்ண மேனன் இருவரும் ஆண்கள். முதலியார் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். பிரசவ மருத்துவப் பேராசிரியர். அந்தப் புத்தகத்தைப் படித்து வந்த இந்தத் தமிழ்நாட்டில் இன்று ஒரு பையன் "ஓ.ஜி. எடுக்கிறேன்" என்றால் ஹாஸ்டலில் அவனுக்குப் பட்டப்பெயர் வைக்கிறார்கள். இதுவும் நஷ்டம்தான். பிடித்த வேலையை விட்டுவிட்டு பிடிக்காத வேலையில் போய் உட்காருகிற ஒவ்வொரு டாக்டரும் நோயாளிக்கு நஷ்டம்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை என்னை யார் யார் தள்ளினார்கள் என்று சொன்னேன். நான் தள்ளிய கதை ஒன்று இருக்கிறது.

2003. நான் அப்போது அசோசியேட் ப்ரொஃபசர். யூனிட்டில் ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண். திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு குக்கிராமம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வீட்டில், தெருவில், ஊரில் முதல் டாக்டர். கேஸ் பிரசன்ட் பண்ணும்போது இங்கிலீஷ் தடுமாறும். ஆனால் கை இருக்கிறதே, அப்பப்பா! காஷுவாலிட்டியில் கிழிந்த விரலைத் தைத்தால் பூ கட்டின மாதிரி இருக்கும். மாவுக்கட்டுப் போடச் சொன்னால் ஆர்த்தோக்காரர்களே வந்து பார்ப்பார்கள். ஒருநாள் ரவுண்ட்ஸ் முடிந்து என் பின்னாலேயே வந்து, "மேடம், பி.ஜி.க்கு ஆர்த்தோ எழுதலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? துணி அறையில் மூன்று வருஷம் ஆணியில் புடவை மாட்டியவள் நான். ஆனால் சொன்னது இதுதான்: "உனக்கு எதுக்கும்மா அந்த முரட்டு வேலை? சுத்தியலும் ரம்பமும். டி.ஜி.ஓ. எடு. இரண்டே வருஷம். ஊர்ப்பக்கம் போனா உடனே பிராக்டீஸ் வரும், வீட்டையும் தூக்கி நிறுத்தலாம்."

அக்கறையோடுதான் சொன்னேன். என் சீஃப் மாதிரியே.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். டி.ஜி.ஓ. முடித்தாள். இன்று ஒரு தாலுகா தலைமை மருத்துவமனையில் இருக்கிறார். 'இருக்கிறாள்' என்று சொல்ல இப்போது எனக்கு உரிமை இல்லை, பெரிய டாக்டர். அந்தப் பக்கத்தில் அவர் கையில் பிறக்காத குழந்தை குறைவு. நான் ஓய்வுபெற்ற வருஷம், 2016இல், ஒரு கருத்தரங்கில் சந்தித்தோம். சாப்பிடும்போது நான் விளையாட்டாகக் கேட்டேன், "ஏதோ ஆர்த்தோ ஆர்த்தோன்னியே, நல்லவேளை நான் சொன்னதைக் கேட்டே, பாரு!"

அவர் சிரித்தார். அப்புறம் சொன்னார்: "எங்க அப்பா பனையேறி மேடம். நான் ஆறாவது படிக்கும்போது மரத்துல இருந்து விழுந்துட்டாரு. புத்தூர்க் கட்டு கட்டினோம். கால் ரெண்டு இஞ்சு கட்டையாத்தான் சேர்ந்துச்சு. அதுக்கப்புறம் அவரு மரம் ஏறலை. எங்க ஊர்ல அந்த மாதிரிக் கால் நிறைய உண்டு. அதான் ஆர்த்தோன்னு நினைச்சேன்."

"இதை ஏம்மா நீ அன்னைக்குச் சொல்லலை?"

"நீங்க ஏன்னு கேக்கலையே மேடம்."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு பாயசம் வந்தது. அவர் மறந்தும் போயிருப்பார். எனக்கு மட்டும் அன்றிலிருந்து அது தொண்டையிலேயே நிற்கிறது. பல வருஷம் பாடம் நடத்தினேன். எத்தனை பேர் என்னிடம் யோசனை கேட்டிருப்பார்கள்? எத்தனை பேரிடம் ஏன் என்று கேட்டேன்? யோசித்துப் பார்த்தால், கார் வைத்திருக்கிற டாக்டர் வீட்டுப் பையன் வந்து கேட்டால் "எதுல உனக்கு ஆசை?" என்று ஆரம்பித்திருக்கிறேன். அந்தப் பெண் மாதிரி ஒருவர் வந்தால் "சீக்கிரம் எதுல செட்டில் ஆகலாம்" என்றுதான் ஆரம்பித்திருக்கிறேன். ஆசை ஒருவருக்கு, பிழைப்பு ஒருவருக்கு. இதை நானே பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பி.ஜி. வாய்மொழித் தேர்வில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேஸ் பற்றிக் கேட்பதற்கு முன் "நேட்டிவ் எங்கேப்பா? அப்பா என்ன பண்றார்?" என்று ஒரு கேள்வி வரும். பதற்றத்தைத் தணிக்கக் கேட்கிறோம் என்பார்கள். அப்பா டாக்டர் என்று சொல்கிறவனுக்குப் பதற்றம் தணியும். அப்பா கொத்தனார் என்று சொல்லவேண்டியவனுக்கு அங்கேயே நாக்கு வறண்டுவிடும். ஊர் பெயரை வைத்தே சாதியைக் கணக்குப் போடுகிற எக்ஸாமினர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியை நான் எக்ஸாமினராக இருந்த கடைசிச் சில வருஷங்களில் நிறுத்திவிட்டேன். முதல் பல வருஷங்களில் நானும் கேட்டவள்தான்.

சட்டம் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறது. எம்.பி.பி.எஸ். வாசலில் நம் மாநிலத்தின் 69 சதவீதம் நிற்கிறது. 2020 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு. அகில இந்தியத் தொகுப்புக்கு மாநிலங்கள் கொடுக்கிற இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் 2021இல் வந்தது; 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. பரீட்சை மார்க்கை மட்டும் வைத்துத் தகுதியை அளந்துவிட முடியாது என்பதையும் அந்தத் தீர்ப்பு விளக்கியது. மாணவர்கள் தேடிப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

ஆனால் மேலே போகப் போக ஏணி குறுகுகிறது. டி.எம்., எம்.சிஎச். போன்ற சூப்பர் ஸ்பெஷாலிட்டி படிப்புகளில் சமூக இடஒதுக்கீடு கூடாது என்று 1999இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. அந்த நுழைவுத் தேர்வுக்கு ஒன்றிரண்டு வருஷம் வேலைக்குப் போகாமல் கோச்சிங்கில் உட்கார வேண்டும். யாரால் முடியும்? மாசம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவனால் முடியுமா?

இதில்தான் நம் சர்வீஸ் கோட்டாவின் அருமை. கிராமத்தில் வேலை பார்த்த டாக்டருக்கு பி.ஜி. இடத்தில் பங்கு. அவர் படித்துவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கே திரும்பி வந்தாக வேண்டும். நான் வந்த வழியும் அதுதான், என்னைப் போல இந்த ஹாலில் பாதிப் பேர் வந்த வழியும் அதுதான். 2017இல் இந்த ஏற்பாடு உடைந்தது. மருத்துவ கவுன்சில் விதிப்படி பட்டப் படிப்பில் தனி ஒதுக்கீடு செல்லாது, கிராமப் பணிக்கு ஊக்க மதிப்பெண் மட்டுமே என்று ஆனது. அரசு டாக்டர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். 2020 ஆகஸ்ட் 31 அன்று அரசியல் சாசன அமர்வு, இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. தமிழக அரசு சூப்பர் ஸ்பெஷாலிட்டியிலும் அரசு டாக்டர்களுக்கு 50 சதவீதம் என்று 2020 நவம்பரில் ஆணை போட்டது. நடைமுறைப்படுத்த 2022 மார்ச்சில்தான் வழி திறந்தது. "சர்வீஸ் கேண்டிடேட்டா? மார்க் கம்மியா இருக்குமே" என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன். ராத்திரி பாம்பு கடித்து வந்தவனைத் தனி ஆளாகப் பார்த்தவனுக்கு எந்தப் பரீட்சையில் மார்க் போடுகிறீர்கள்?

பெண் சர்ஜன்களால் முடியுமா என்று இன்னமும் கேட்பவர்களுக்காக ஒரே ஒரு ஆய்வைச் சொல்லி நகர்கிறேன். கனடாவின் ஒன்டாரியோவில் பத்து லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளை வைத்துச் செய்தது, 2023இல் ஜாமா சர்ஜரி இதழில் வந்தது. பெண் சர்ஜன் ஆபரேஷன் செய்தவர்களுக்கு மூன்று மாதத்திலும் ஒரு வருஷத்திலும் சிக்கல்கள் சற்றுக் குறைவாகவே இருந்தன. இதை வைத்துப் பெண்கள்தான் உசத்தி என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. அப்படி ஒரு ஆய்வு மறுபக்கமாக வந்திருந்தால் எத்தனை பேர் ஃபோட்டோ பிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக, நம் சங்கத்தின் காரியம். பொன்விழா பேட்ச் என்ற முறையில் நாங்கள் கல்லூரிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று ஒரு வருஷமாகக் கமிட்டி கூடிக் கூடிப் பேசுகிறது. பெரும்பாலோர் விருப்பம் வாசலில் ஒரு நுழைவு வளைவு. கிரானைட்டில் எங்கள் எல்லார் பெயரும். என் பெயரைக் கல்லில் பார்க்க எனக்கும் ஆசைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். கொல்கத்தாவில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், நீண்ட டூட்டிக்கு நடுவே செமினார் ஹாலில் ஓய்வெடுக்கப் போன பி.ஜி. பெண்ணுக்கு நேர்ந்ததை நாடே பார்த்தது. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அதே மாதிரி தாழ்ப்பாள் இல்லாத இடங்களில்தான் நானும் என் தோழிகளும் படுத்து எழுந்து டாக்டரானோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அது அதிர்ஷ்டம். சென்ற மாதம் நம் தியேட்டர் பிளாக்கில் ராத்திரி டூட்டியில் இருந்த சர்ஜரி பி.ஜி. பெண்ணிடம் "எங்கேம்மா படுப்பே?" என்று கேட்டேன். "லேபர் வார்டு பக்கம் மேடம், ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க" என்றாள். கட்டடத்துக்கு அந்தக் கோடியில்!

சர்ஜரி, ஆர்த்தோ, காஷுவாலிட்டி மூன்றுக்கும் நடுவில், மூன்றாம் மாடியில், பழைய ரெக்கார்டு ரூம் காலியாகக் கிடக்கிறது. முதல்வரிடம் பேசிவிட்டேன். தடுத்தால் இரண்டு டூட்டி ரூம், ஒரு குளியலறை, உடை மாற்ற ஒரு அறை வரும். உள்ளே தாழ்ப்பாள், வெளியே நல்ல விளக்கு. டீ குடிக்க ஒரு பொது அறையும் போடலாம். அதில் ஆண், பெண் என்று போர்டு வேண்டாம். பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு இன்ஜினியரிடம் மதிப்பீடு வாங்கினேன். வளைவுக்கு ஆகிற செலவில் முக்கால்வாசிதான் ஆகிறது. மீதியில், வேலைக்குப் போகாமல் ஒரு வருஷம் பி.ஜி. படிக்க முடியாத பிள்ளைகள் நாலைந்து பேருக்கு மாதாமாதம் ஏதாவது கொடுக்கலாம். யாருக்கு என்பதை மார்க் ஷீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், கூப்பிட்டு உட்காரவைத்து, என்ன படிக்க ஆசை, ஏன் என்று கேட்டு முடிவு செய்வோம். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அதில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

வளைவுக்காரர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். பொதுக்குழு சாப்பாட்டுக்கு அப்புறம் மூன்று மணிக்கு. அங்கே ஓட்டுப் போட்டுக்கொள்ளலாம். அறையின் வரைபடம் வெளியே வரவேற்பு மேஜையில் ஒட்டியிருக்கிறது. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு அதற்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். மணி அடித்துவிட்டார்கள், பதினைந்து நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. மன்னிக்கவும்.